எண்ணெய்த் தாரை ஒருமுறை துள்ளியது, மறுமுறை மூழ்குகிறது: காரணம் என்ன?

கேள்வி:
வணக்கம். சுழல்மேடையில் வைத்த வட்டத் தட்டில் கனிம எண்ணெயை நிரப்பி, அதே எண்ணெயை 5 செ.மீ. உயரத்திலிருந்து, மையத்துக்கு 12 செ.மீ. தள்ளி, மெல்லிய தாரையாக விழவிடுகிறேன். நிமிடத்துக்கு 20 சுற்று வேகத்தில் ஒருநாள் தாரை உள்ளே போகாமல், பரப்பில் பள்ளமிட்டு, வளைந்து மேலெழுந்து அப்பால் விழுந்தது. மேடையை நிறுத்திவிட்டு மீண்டும் அதே வேகத்துக்குக் கொண்டுவந்தால் நேராக மூழ்கிவிடுகிறது. எண்ணெயில் அழுக்குச் சேர்ந்திருக்குமோ என்று இருமுறை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

மறுமொழி 1:
எண்ணெய் மீது பழி போட வேண்டாம். தாரை ஏறத்தாழ விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. அது விழும் இடத்தில் பரப்பு விநாடிக்கு 25 செ.மீ. நகர்கிறது. அந்த நகர்வு இரண்டுக்கும் இடையே காற்றை இடைவிடாமல் இழுத்துவந்து ஒரு மெல்லிய படலத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால்தான், ஒரே எண்ணெயாக இருந்தும் அவை ஒன்றுகலப்பதில்லை. படலம் கிழிந்த கணமே தாரை மூழ்கும். மூழ்கியபின் இடையில் காற்று நுழைய வழியில்லாததால், வேகத்தைப் பழையபடி வைத்தாலும் துள்ளல் தானாகத் திரும்ப வேண்டியதில்லை. காந்தவியலில் படிக்கும் தயக்கம் போன்றதே இது: அதே வேகத்தில் இரண்டு நிலைகளும் நீடிக்கலாம், முன்பு எந்த நிலையில் இருந்தது என்பதே முடிவுசெய்கிறது. முதல்நாள் தாரையை ஏதேனும் தொட்டதா?

மறுமொழி 2:
ஷாம்பூ துள்ளுவதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1963-இல் கே என்பவர் விவரித்த அந்த விளைவு, நியூட்டோனியன் அல்லாத பாய்மங்களில், அதாவது பாயும் வேகத்துக்கேற்பப் பிசுபிசுப்பு மாறுபவற்றில், பரப்பு நகராமலேயே நிகழ்வது. கனிம எண்ணெய் போன்ற நியூட்டோனியப் பாய்மமும் நகரும் பரப்பில் துள்ளும் என்பதை டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழுவொன்று 2007-இல் காட்டியது. எனவே உங்கள் சோதனையில் மேடையின் சுழற்சிதான் உயிர்நாடி.

கேட்டவர்:
தொட்டது உண்மைதான், குழாய்முனையைத் துடைக்கும்போது குச்சி தாரையில் பட்டதை நான் பொருட்படுத்தவில்லை. இப்போது பரப்பு நகரும் திசையிலேயே குச்சியைத் தாரையின் குறுக்கே வேகமாக இழுத்தேன். மூன்றாவது முயற்சியில் துள்ளல் திரும்பியது. வேகத்தைச் சிறிது குறைத்தும் நீடித்தது. ஒருமுறை இரண்டாவது துள்ளலும் தெரிந்தது, அது இயல்பானதா?

மறுமொழி 1:
இயல்பானதே. எழுந்த தாரை மீண்டும் விழுமிடத்திலும் பரப்பு நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கேயும் காற்றுப் படலம் அமைந்தால் இரண்டாம் முறையும் எழும். குழாயில் பாய்வளவை மாற்றாமல் வேகத்தை மட்டும் மெல்ல மாற்றிப் பாருங்கள்.