மார்பெலும்பின் பகுதிகள்: பிடி, அலகு, முனை?

நண்பர்களுக்கு வணக்கம்,

நெஞ்சின் நடுவில் விலாக்கள் வந்து சேரும் எலும்பான ஸ்டெர்னத்துக்கு மார்பெலும்பு என்பது பாடநூல் வரை போய் நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். சிக்கல் அதன் பகுதிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பதில்தான். மேலே மனுப்ரியம், நடுவில் நீண்ட பட்டை, அடியில் சிஃபாய்டு. ஆங்கிலத்தில் body என்பதால் நடுப்பகுதியை 'உடல்' என்று போட்டுவிடலாம் என்ற யோசனை எனக்கு ஒட்டவில்லை. உடலுக்குள் இருக்கும் எலும்புக்கு இன்னோர் உடலா?

பழைய உடற்கூற்றியலார் இந்த எலும்பைக் குட்டை வாளாகத்தான் பார்த்திருக்கிறார்கள். மனுப்ரியம் லத்தீனில் கைப்பிடி, நடுப்பகுதிக்கு கிளாடியோலஸ், அதாவது சிறுவாள், என்றொரு பெயர் இருந்தது, சிஃபோஸ் கிரேக்கத்தில் வாள். வாளின் தகட்டுக்கு நம்மிடம் 'அலகு' இருக்கிறதே! ஆகவே மார்புப்பிடி, மார்பலகு என்று வைக்கலாம். அலகுக்கு வேறு பொருள்களும் உண்டுதான், மார்பு முன்னால் வந்துவிட்டால் குழப்பம் இல்லை.

சிஃபாய்டுக்கு முதலில் 'மார்புமுனை' என்றுதான் எழுதினேன். அதை முலைக்காம்பு என்று படிக்க இடமிருக்கிறது, அதனால் 'நெஞ்சுமுனை'. அதற்குக் கீழேதானே நாம் நெஞ்சுக்குழி என்று சொல்லும் பள்ளம். இளவயதில் இந்த முனை குருத்தெலும்பு, 40 வயது வாக்கில்தான் எலும்பாக இறுகும், சிலருக்கு நுனி பிளந்தும் இருக்கும். என் அத்தை ஒருநாள் குளிக்கும்போது அங்கே கையில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டு, கட்டி என்றே நினைத்து இரண்டு வாரம் யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டு இருந்தார். டாக்டர் 'அது எலும்புதாம்மா' என்றார், என்ன எலும்பு என்று சொல்லத் தமிழில் ஒரு பெயர் இல்லை. இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவியான சி.பி.ஆர். பயிற்சியிலும் இதே கதைதான்: மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் அழுத்து, நெஞ்சுமுனையில் கை வைக்காதே என்று ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும்.

அப்புறம், பிடியும் அலகும் சேரும் இடம். தொண்டைக்குழியில் விரலை வைத்து நேராகக் கீழே இறக்குங்கள், ஏறக்குறைய 5 செ.மீ. தாண்டியதும் குறுக்கே ஒரு வரம்பு தட்டும். இரண்டாம் விலா அங்கேதான் வந்து சேர்கிறது. முதல் விலா காறையெலும்புக்கு (கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் எலும்பு) பின்னால் மறைந்துகிடப்பதால், டாக்டர்கள் விலாவை எண்ணத் தொடங்குவது இந்த இடத்திலிருந்துதான். இந்த இடத்துக்கு 'மார்பெலும்புக் கோணம்' என்பது படத்தைப் பார்த்து வைத்த பெயர், விரலுக்குக் கோணம் தெரியாது, மேடுதான் தெரியும். 'விலாமேடு' என்றால் எங்கே, எதற்கு என்ற இரண்டுமே பெயரிலேயே வந்துவிடுகிறது. விலாப்பக்கத்து வீக்கம் என்று யாராவது தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்ற ஒரு தயக்கம் மட்டும் இருக்கிறது, மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்.