கொரோலா 110 கார்: மேல் ஹோஸில் கூலன்ட் (எஞ்சினைக் குளிராக்கும் திரவம்) கசிவு

கேள்வி: திருகோணமலை. மேல் ஹோஸ் ரேடியேற்றரில பூட்டுற இடத்தில கசியுது, பச்சையாப் பூத்துக் காயுது. கிளிப்பை இறுக்கியும் நிக்கேல்ல. இப்படியே ஹபரணை வரைக்கும் ஓடலாமா?

பதில் 1: வேண்டாம் அண்ணா. அழுத்தம் இறங்கினா கூலன்ட் கெதியாக் கொதிக்கும், எஞ்சின்ர மேல்பாகமான ஹெட் வளையும். ஹோஸ் நுனியை நசுக்கிப் பாருங்க. இறுகி வெடிப்புத் தெரிஞ்சாலோ, ஊதி மெத்தெண்டு இருந்தாலோ மாத்தத்தான் வேணும். உப்புக்காத்தில சாதாரண கிளிப் துருப்பிடிச்சுப் பிடி விடும், ஸ்டெயின்லெஸ் வாங்குங்க.

பதில் 2: எஞ்சின் நல்லா ஆறின பிறகு மட்டும் ரேடியேற்றர் மூடியைத் திறங்க. ரேடியேற்றரின்ர கீழ்த் திருகால கூலன்டை 2 லீற்றர் மட்டில வடியுங்க. ஒட்டின ஹோஸை முறுக்கி இழுத்தா ரேடியேற்றரின்ர பிளாஸ்ரிக் வாய் உடையும். பிளேடால நீளமாக் கீறி உரியுங்க. வாயில வெள்ளையா ஒரு படிவு இருக்கும். கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் அதுக்குள்ளால தண்ணி வரும். 400 நம்பர் சாண்ட்பேப்பரால மெல்லத் தேய்ச்சு எடுங்க. புது ஹோஸைப் பூட்டேக்க கிளிப், வாயின்ர விளிம்புத் தடிப்புக்கு மேல ஏறக்கூடாது, அதிலயிருந்து 3–5 மில்லிமீற்றர் உள்ளுக்கு இருக்கோணும்.

பதில் 3: கிணத்துத் தண்ணி ஊத்தாதீங்க, சுண்ணாம்பு படியும். கூலன்டும் காய்ச்சி வடிச்ச தண்ணியும் (டிஸ்ரில்ட் வோட்டர்) பாதிக்குப் பாதி. மூடி திறந்தபடி, ஹீற்றரை முழுச்சூட்டில வச்சு, காரை நிப்பாட்டினபடி எஞ்சினை ஓடவிடுங்க. மேல் ஹோஸ் சுட்டா தெர்மோஸ்டாற் (சூடானதும் ரேடியேற்றருக்குக் கூலன்டை விடுற வால்வு) திறந்திட்டுது. குமிழி வந்து மட்டம் இறங்கும், நிரப்புங்க. ரேடியேற்றர் மூடியில அழுத்த அளவு 0.9 எண்டிருந்தா 0.9 தான் போடுங்க, 1.1 போட்டா அழுத்தம் கூடி மற்றப் பழைய ஹோஸுகளும் கசியத் தொடங்கலாம்.