டொராண்டோவில் மளிகைக் கடை வேலை: சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: ஸ்கார்பரோவில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டில் பகுதி நேர வேலை கிடைத்திருக்கிறது. தமிழ்க் கடை ஒன்றிலும் கூப்பிடுகிறார்கள், சம்பளம் கையில் ரொக்கமாக. இருப்பது மாணவர் விசா. எதை எடுக்கலாம்? வேலை எப்படி இருக்கும்? அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

பதில் 1

தம்பி, மணிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்க. ஒன்டாரியோவில் குறைந்தபட்ச ஊதியம் 2025 அக்டோபர் 1 முதல் 17.60 டாலர். புதுசா சேர்கிறவர்களுக்கு அதுவோ, அதை ஒட்டியோதான் கிடைக்கும். 20 மணி நேரம் கிடைத்தால் 352 டாலர், பிடித்தம் போக இன்னும் குறையும். கிறிஸ்துமஸ் வரைக்கும் போன் போட்டுக் கூப்பிட்டு ஷிஃப்ட் தருகிற மேனேஜர், ஜனவரி பிறந்ததும் பாதியாகக் குறைத்துவிடுவார். டிசம்பர் சம்பளத்தை நம்பி வாடகை பேசாதீங்க.

எந்தெந்த நேரம் வர முடியும் என்று ஒரு படிவம் தருவாங்க. வெள்ளி மாலை, சனி, ஞாயிறு வர முடிகிறவர்களுக்குத்தான் மணி நேரம் சேரும். அதற்காக வகுப்பு நேரத்தை மறைத்து எழுதினால் இரண்டாவது வாரமே மாட்டிக்கொள்வீங்க. மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான். இரண்டு கடையில் வேலை செய்தாலும் இரண்டும் சேர்த்துத்தான் அந்த 24.

இனி வேலை. கேஷில் போட்டால் முதலில் படிக்க வேண்டியது காய், பழங்களின் பி.எல்.யு. எண்கள், அதாவது எந்தக் காய், எந்தப் பழம் என்று கேஷ் மெஷினில் அடிக்கும் குறியீட்டு எண்கள். வாழைப்பழம் 4011, இஞ்சி 4612, பூண்டு 4608, மஞ்சள் எலுமிச்சை (லெமன்) 4053, கொத்தமல்லி 4889. முன்னால் 9 சேர்ந்து 94011 என்று இருந்தால் ஆர்கானிக் வாழைப்பழம். கொத்தமல்லியும் இத்தாலியன் பார்ஸ்லியும் பார்வைக்கு ஒன்றுதான், சந்தேகம் வந்தால் முகர்ந்து பாருங்க. ஒரு முப்பது எண் மனப்பாடமானால் வரிசை தானாக நகரும்.

ரொக்கத்தில் ஒரு சென்ட் காசு 2013-லேயே புழக்கத்திலிருந்து போய்விட்டது. வரியோடு சேர்ந்த மொத்தத்தைத்தான் அருகிலுள்ள ஐந்து சென்ட்டுக்கு மாற்றுவாங்க: 12.42 என்றால் 12.40, 12.43 என்றால் 12.45. கார்டில் வாங்கினால் மாற்றம் இல்லை. விலைச் சீட்டில் இருப்பதைவிட ஸ்கேனரில் அதிக விலை வந்து வாடிக்கையாளர் சத்தம் போட்டால் திகைக்க வேண்டாம். பல பெரிய கடைகள் தாமாக ஏற்றுக்கொண்ட விதிப்படி, பத்து டாலர் வரையுள்ள பொருள் இலவசம், அதற்கு மேல் என்றால் பத்து டாலர் தள்ளுபடி. இதை நீங்களே முடிவு செய்யாமல் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க.

இரண்டு மோசடி இன்றைக்கும் நடக்கிறது. ஒன்று, சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும்போதே "இந்த நோட்டைத் திருப்பித் தா, வேறு தருகிறேன்" என்று குழப்புவது. முதல் கணக்கை முடித்து டிராயரை மூடிவிட்டுத்தான் அடுத்தது. மற்றது, "தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், பரிசு அட்டையில் பணம் ஏற்றி எண்ணைப் படி" என்று வரும் போன். எந்த அலுவலகமும் அப்படிக் கேட்காது, வைத்துவிடுங்க.

பதில் 2

மேலே அண்ணா கேஷைச் சொல்லிவிட்டார், நான் சாமான் அடுக்கிறதைச் சொல்லுறன். என்னைக் கேட்டால் புது ஆளுக்கு மரக்கறிப் பகுதிதான் நல்லது. கதைக்கப் பழகலாம், சாமானும் தெரிய வரும்.

அடிப்படை விதி ஒன்றுதான்: பழையது முன்னுக்கு, புதுசு பின்னுக்கு. இதில் எல்லாரும் பிழை விடுகிற இடம் திகதி. கனடாவில் வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் அடிப்பினம். மாதத்துக்கு ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பொதுவான இரண்டு எழுத்து. எம்.ஏ. என்றால் மார்ச் இல்லை, மே. மார்ச்சுக்கு எம்.ஆர். ஜே.என். ஜூன், ஜே.எல். ஜூலை, ஜே.ஏ. ஜனவரி. இதை மாறி வாசித்தால் நல்ல தயிர் குப்பைக்குப் போகும், பழுதானது தட்டில் இருக்கும்.

வாழைப்பழத்தைக் குளிர் அறைக்குள்ள வைக்காதேங்கோ. 13 பாகைக்குக் கீழே போனால் தோல் சாம்பல் நிறமாகும், பிறகு ஒழுங்காய்ப் பழுக்காது. தக்காளிக்கும் அதே கதை. வெண்டிக்காயும் கத்தரிக்காயும் பால், தயிர் வைக்கிற 4 பாகையில் இரண்டு மூன்று நாள் இருந்தால் குழி விழுந்து கறுத்துப் போகும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போட்டால் இரண்டும் கெதியாய்ப் பழுதாகும்.

பெட்டி வெட்டிற கத்தியை உடம்புக்கு எதிர்ப்புறமாய் இழுக்கவேணும், அலகை ஒட்டுநாடாவின் தடிப்புக்கு மட்டும் வெளியில விடுங்கோ. கூட விட்டால் உள்ளே இருக்கிற மா பை கிழியும். 40 பவுண்டு அரிசி மூட்டை 18 கிலோ. முழங்காலை மடிச்சு, நெஞ்சோடை அணைச்சுத் தூக்கி, காலை எடுத்து வைச்சுத் திரும்புங்கோ. தூக்கினபடி இடுப்பை முறுக்கிறதில்தான் நாரி போகும். பேலட் ஜாக்கை (சாமான் அடுக்கின பலகையைத் தூக்கி நகர்த்திற கைவண்டி) ஏலுமானவரை தள்ளுங்கோ, இழுக்காதேங்கோ. நிப்பாட்டினால் அதின்ரை முன்பக்க முள்ளைத் தரை மட்டத்துக்கு இறக்கிவிடவேணும், இல்லாவிட்டால் யாரோ ஒருத்தர் தடக்கி விழுவினம்.

பின்பக்கம் வேலை என்றால் பச்சை முக்கோண அடையாளம் உள்ள சேஃப்டி சப்பாத்து கேட்பினம். கடை காசு தருமோ என்று வாங்க முதலே கேளுங்கோ.

ஞாயிறு விடிய ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு ஓம் சொல்ல முதல் போற வழியைப் பாருங்கோ. சுரங்க ரயில் ஞாயிறுகளில் எட்டு மணியளவில்தான் தொடங்கும். 300-இல் தொடங்கிற எண்கள் உள்ள இரவு பஸ் உங்கட வீட்டுப் பக்கம் ஓடுதோ என்று தேடவேணும்.

பதில் 3

அந்த ரொக்கச் சம்பளக் கடை பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. நம்ம ஆள், நம்ம மொழி என்ற நிம்மதி உண்மைதான். ஆனால் சம்பளச் சீட்டு இல்லையென்றால் ஆண்டு முடிவில் டி4 (வரிக் கணக்குக்கான வருடச் சம்பளச் சான்று) கிடைக்காது. வேலை போனால் வேலையிழப்புக் காப்பீட்டுக்குக் காட்ட மணி நேரம் இருக்காது. வேலை செய்த ஆதாரமும் இருக்காது. கணக்கில் எழுதி, சீட்டு கொடுத்துச் சம்பளம் தரும் தமிழ்க் கடைகளும் உண்டு. அப்படித் தருவீர்களா என்று கேளுங்கள். தயங்கினால் சூப்பர்மார்க்கெட்டுக்கே போங்கள்.

எந்தக் கடையானாலும் சட்டம் ஒன்றுதான். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை தர வேண்டும் (அதற்குச் சம்பளம் கிடையாது). வழக்கமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறவரை வரவழைத்து, ஆளில்லை என்று ஒரு மணி நேரத்தில் அனுப்பினாலும் மூன்று மணி நேரச் சம்பளம் உண்டு. விடுமுறைச் சம்பளம் குறைந்தது 4 சதவீதம். கல்லாவில் பணம் குறைந்தால், வேறு ஒருவரும் அந்த டிராயரைத் தொட்டிருக்கிறார் என்றால் உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அதனால் ஷிஃப்ட் தொடங்கும்போதே பணத்தை எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள், கடவு எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள். சம்பளம் வராவிட்டால் தொழில் அமைச்சகத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை.

நிரந்தர வதிவிட உரிமைக் (பி.ஆர்.) கணக்கும் ஒன்று இருக்கிறது. கனடாவில் செய்த வேலையை வைத்து அதற்கு விண்ணப்பிக்கும் கனடிய அனுபவப் பிரிவில், 0 முதல் 3 வரையுள்ள டியர் நிலை (வேலைக்குத் தேவையான படிப்பு, பயிற்சியை வைத்து அரசு பிரிக்கும் படிநிலை) வேலைகள்தான் செல்லும். அரசின் தொழில் குறியீட்டில் கேஷியர் 65100, அடுக்குகிறவர் 65102, இரண்டும் ஐந்தாம் நிலை. விற்பனை மேற்பார்வையாளர் 62010 இரண்டாம் நிலை. முழுநேரம் படிக்கும்போது செய்த வேலை எந்த நிலையானாலும் அதில் சேராது. ஆகவே படிப்பு முடிந்து அதே கடையில் தொடர்வதாக இருந்தால் மேற்பார்வையாளர் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். வெறும் பதவிப் பெயர் போதாது. ஷிஃப்ட் பட்டியல் போடுவது, ஆட்களைப் பழக்குவது, சரக்கு ஆர்டர் செய்வது என்று நீங்கள் உண்மையில் செய்யும் வேலைகளும், வார மணி நேரமும், சம்பளமும் கடைத் தலைப்புத் தாளில் கடிதமாக வர வேண்டும். அந்த மேனேஜர் வேறு கிளைக்கு மாறிப் போவதற்குள் வாங்கி வையுங்கள்.