பெரியப்பா காலில் கொப்புளம்

கவிதா: (புகைப்படம்)

கவிதா: அப்பாவின் இடது குதிகால். ராத்திரி வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறார். காலையில் விரிப்பு ஈரமாக இருந்தது, அப்போதுதான் பார்த்தேன். கொப்புளம் ஓரத்தில் உடைந்திருக்கிறது.

செல்வி அத்தை: ஐயோ அண்ணனுக்கா

செல்வி அத்தை: பற்பசை தடவினாயா?

அருண்: வேண்டவே வேண்டாம் அத்தை. அக்கா, சுத்தமான துணியால் லேசாக மூடி வை, மிச்சத்தைக் குத்திவிடாதே. இன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முரளி சித்தப்பா: அந்தப் பை யார் வாங்கிக் கொடுத்தது?

செல்வி அத்தை: நான்தான். கால் ஜில்லென்று இருக்கிறது என்று அண்ணன் கேட்டார். எது நடந்தாலும் நீ என்னிடம்தான் வருவாய்

முரளி சித்தப்பா: சும்மா கேட்டேன் அக்கா

கவிதா: தொட்டுப் பார்த்தால் கால் சாதாரணச் சூட்டில்தான் இருக்கிறது. அவருக்கு மட்டும் ஜில்.

சேகர்: அப்பாவுக்குச் சுடவே இல்லையா?

அருண்: சேகர் அண்ணா, அதுதான் விஷயமே. தோலுக்குள் நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்று ஒரு புரதம் இருக்கிறது. சூடு 43 டிகிரி செல்சியஸைத் தொட்டால் திறந்துகொண்டு மூளைக்குச் சேதி அனுப்பும். மிளகாயின் காரமும் இதே கதவைத்தான் தட்டுகிறது, அதனால்தான் எரிகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு. தொடுவிசையை உணரும் பீசோ புரதங்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூடியனும் அதில் பங்காளி.

முரளி சித்தப்பா: டேய், பரிசெல்லாம் அப்புறம். கால்?

அருண்: வருகிறேன் அப்பா. சர்க்கரை பல வருஷம் இருந்தால் நீளமான நரம்புகள் முதலில் கெடும். உடம்பிலேயே நீளமானவை பாதத்துக்குப் போகிறவை. சூடு, குளிர், வலி மூன்றையும் சுமப்பது மெல்லிய நரம்பிழைகள். அவை கெட்டால் சேதியே கிளம்பாது, இல்லையென்றால் தப்பான சேதி வரும். அந்த ஜில் அப்படித்தான். கை பொறுக்கிற சூடுகூட ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் இருந்தால் தோல் வெந்துவிடும். நாமாக இருந்தால் தூக்கத்திலேயே காலை இழுத்திருப்போம்.

செல்வி அத்தை: எனக்கும் சர்க்கரை இருக்கிறதே

அருண்: அப்படியென்றால் நீங்களும் காட்டுங்கள். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வலிக்காது. கால் விரலில் இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரியும், அந்த மந்தமான வலி பிறகுதான் வரும், கவனித்திருக்கிறீர்களா? தொடுகை நரம்பு நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் ஓடும். அந்த வலியைக் கொண்டுவருவது 2 மீட்டர்கூடத் தாண்டாது.

முரளி சித்தப்பா: சேகர் போன் எடுப்பதைவிட வேகம்தான்

சேகர்: மீட்டிங்கில் இருந்தேன் சித்தப்பா

கவிதா: எப்போதும் மீட்டிங்

பெரியப்பா: வலியே இல்லை. எதற்கு டாக்டர். எல்லாரும் வேலையைப் பாருங்கள்

அருண்: வலி இல்லாததுதான் பிரச்சினையே பெரியப்பா. வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

பெரியப்பா: டிவி ரிமோட் எங்கே கவிதா

கவிதா: தலையணைக்கு அடியில் அப்பா. சரி, சாயங்காலம் யார் கூட்டிக்கொண்டு போவது? எனக்கு ஆறு மணி வரை வேலை.

செல்வி அத்தை: யாராவது வந்து கூப்பிட்டால் நான் வருகிறேன். அந்தப் பையை என்ன செய்தாய்?

கவிதா: பரண்மேல் போட்டுவிட்டேன் அத்தை

முரளி சித்தப்பா: என் வண்டி சர்வீஸில் இருக்கிறது. சேகரிடம் கார் இருக்கிறது

சேகர்: 👍

கவிதா: கட்டைவிரல் எதற்கு அண்ணா? வருகிறாயா, கார் இருக்கிறது என்கிறாயா?