அரை ஏக்கருக்கும் நாலு சக்கர டிராக்டர்தானாம்!

கந்தப்பளை லீக்ஸ்:
நேற்று ஒரு காணொளி பார்த்தேன். சமதரையில் நின்றுகொண்டு ஒருவர் உபதேசம் செய்கிறார்: "இலங்கை மலையகத்தில் அரை ஏக்கர் வைத்திருப்பவரும் இனி நாலு சக்கர டிராக்டர்தான் வாங்க வேண்டும், கைப்பிடி பிடித்து ஓட்டுகிற இரண்டு சக்கர லேண்ட்மாஸ்டர் காலம் முடிந்துவிட்டது." ஐயா, ஒரு தடவை நுவரெலியா மலையிலுள்ள கந்தப்பளைக்கு வந்து பாருங்கள். கல் அடுக்கிக் கட்டிய தட்டு, அகலம் எட்டு அடி இருந்தால் பெரிய விஷயம். 45 குதிரைவலு டிராக்டரை அதில் ஏற்றினால் எங்கே திருப்புவது? கீழ்த் தட்டிலா, ஆஸ்பத்திரியிலா? லேண்ட்மாஸ்டரும், பின்னால் சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரொட்டரியும் தாராளமாகப் போதும். ஒன்றே ஒன்று, வண்டியைத் திருப்ப இரண்டு கைப்பிடியிலும் இருக்கிற கிளச் இறக்கத்தில் மாறி வேலை செய்யும். இடது கிளச்சைப் பிடித்தால் வண்டி வலது பக்கம் போகும். அது தெரியாதவர் தொடக்கூடாது.

பரந்தன்காரன்:
அண்ணை, முதல் பாதி சரி. கடைசியில் சொன்னது சுத்தப் புளுகு. இடது கிளச் என்றால் இடது பக்கம்தான். நான் வயலில் லேண்ட்மாஸ்டரோடு வளர்ந்தவன்.

கந்தப்பளை லீக்ஸ்:
கிளிநொச்சிச் சமதரையில் கிடக்கும் பரந்தனில் இறக்கம் எங்கே தம்பி இருக்கிறது? வரப்பிலிருந்து வயலுக்குள் கால் வைப்பதையா சொல்கிறீர்கள்?

ஊவா உருளை:
ஒரு நிமிஷம். "சின்ன நிலம்" என்றால் எவ்வளவு என்று யாராவது சொல்லுங்களேன். வெலிமடையில் எங்கள் வயல் பள்ளத்தாக்கில் அகலமாகக் கிடக்கிறது. நெல் அறுத்த கையோடு உருளைக்கிழங்குக்குத் தயார் செய்ய வேண்டும். நாலு சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்தால் காலையில் வந்து மத்தியானத்துக்குள் முடித்துவிடும். அப்புறம் சால் இழுக்க மட்டும் லேண்ட்மாஸ்டர். எதற்காகச் சொந்தமாக வாங்கி மழையில் துருப்பிடிக்க விட வேண்டும்?

கந்தப்பளை லீக்ஸ்:
வெலிமடைக்காரர் வாயைத் திறந்தால் உருளைக்கிழங்குதான். லீக்ஸ் நட்டுப் பாருங்கள், நிலம் தயார் செய்வது என்றால் என்னவென்று தெரியும். பேச்சை மாற்றாதீர்கள். இறக்கத்தில் கிளச் மாறுமா, மாறாதா?

ஸ்பேனர்:
கராஜில் வேலை செய்பவன் என்பதால் சொல்கிறேன். கிளச்சைப் பிடித்தால் அந்தப் பக்கச் சக்கரம் என்ஜினிலிருந்து விடுபடும். சமதரையில் அந்தச் சக்கரம் நிற்கும், மற்றது தள்ளும், வண்டி பிடித்த பக்கமே திரும்பும். இறக்கத்தில் என்ஜின் வண்டியை இழுப்பதில்லை, பிடித்து நிறுத்துகிறது. அப்போது விடுபட்ட சக்கரம் வேகமாக உருளும், மற்றது அடங்கி வரும், வண்டி எதிர்ப் பக்கம் போகும். பின்னால் சுமையோடு ட்ரெய்லர் தள்ளினால் சின்ன இறக்கத்திலேயே இப்படி ஆகும். மண்ணை இழுத்துக்கொண்டு என்ஜின் சுமையோடு போகும்போது மாறாது. ஆக இரண்டு பேர் சொல்வதும்...

பரந்தன்காரன்:
பார்த்தீர்களா! மண்ணில் மாறாது என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டார்.

கந்தப்பளை லீக்ஸ்:
பார்த்தீர்களா! இறக்கத்தில் மாறும் என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டார்.

ஏழு பேர்ச்:
உங்கள் சண்டையைப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் எல்லாம் சின்ன நிலமாம். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு வீடு கட்ட 7 பேர்ச் கொடுக்கவே எத்தனை கூட்டம், எத்தனை அறிக்கை! லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி கரட் போடுகிற எங்களுக்கு எந்த வண்டி என்று எவருக்காவது கேட்கத் தோன்றியதா? நாங்கள் மூன்று வீட்டார் காசு போட்டு மினி டில்லர் என்கிற சின்ன உழவு மெஷின் ஒன்று வாங்கினோம். இரண்டு பேர் தூக்கிப் படியேறிவிடலாம். உங்கள் லேண்ட்மாஸ்டரைத் தூக்குங்கள் பார்ப்போம்.

கந்தப்பளை லீக்ஸ்:
தம்பி, உங்கள் வருத்தம் நியாயம்தான், ஆனால் மினி டில்லர் பெரிய சாமான் இல்லை. மானாப்புல் கிடந்த தரையில் ஒரு தடவை விட்டேன். பத்தடி போவதற்குள் கத்திகளைச் சுற்றிப் புல் கயிறு மாதிரி இறுகிவிட்டது. என்ஜினை நிறுத்தி, குந்தியிருந்து கத்தியால் அறுத்து அறுத்து எடுத்தேன். கல்லில் பட்டால் ஆளையும் சேர்த்துத் துள்ளும்.

ஏழு பேர்ச்:
முதலில் புல்லை வெட்டி அள்ள வேண்டும். அப்புறம் பின்னால் ஒரு கம்பி இருக்கிறதே, அதை மண்ணுக்குள் நன்றாக இறக்கிவிட வேண்டும். அதுதான் ஆழத்தையும் வேகத்தையும் பிடிக்கிறது. கம்பியை மேலே தூக்கிவைத்து ஓட்டினால் ஓடத்தான் செய்யும்.

கந்தப்பளை லீக்ஸ்:
எனக்குக் கம்பி சொல்லித்தர வந்துவிட்டார்.

ஊவா உருளை:
ரொட்டரியை ஒவ்வொரு போகமும் ஒரே ஆழத்தில் போடுவதால் அடியில் மண் இறுகிப் பலகையாகிறதே, அதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டீர்களா? மேலே மாவாகிய மண் ஒரு பெரிய மழைக்கே ஓடைக்குப் போய்விடுகிறது. சரிவின் குறுக்கே உழவேண்டும், முள்ளுக் கலப்பையால் ஆழமாகக் கிளற வேண்டும். மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்தது. யார் கவனித்தார்கள்?

பரந்தன்காரன்:
குறுக்கே உழுதால் இறக்கமே இல்லையே. பிறகு எங்கே கிளச் மாறும்? அண்ணை அகப்பட்டுவிட்டார்.

கந்தப்பளை லீக்ஸ்:
வயலுக்கு வண்டி ஆகாயத்திலிருந்தா வரும்? பாதையில் இறக்கித்தான் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் விழுகிறார்கள். மூன்றாவது தடவை சொல்கிறேன்: இறக்கத்தில் இடதைப் பிடித்தால் வலது.

ஸ்பேனர்:
அதனால்தான் இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல், சின்ன கியரில், கைப்பிடியைத் தள்ளித் திருப்பச் சொல்கிறோம்.

பரந்தன்காரன்:
நாளைக்கு வீடியோ எடுத்துப் போடுகிறேன். இடது கிளச், இடது பக்கம். முடிந்தது.

கந்தப்பளை லீக்ஸ்:
சமதரை வீடியோ வேண்டாம். ட்ரெய்லரில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றி ராகலை இறக்கத்தில் இறக்கிக் காட்டுங்கள். வண்டி நான் தருகிறேன்.

பரந்தன்காரன்:
வருகிறேன். பெட்ரோல் காசு யார் தருவது?

கந்தப்பளை லீக்ஸ்:
பெட்ரோலா! லேண்ட்மாஸ்டரோடு வளர்ந்தவராம், அதற்கு டீசல் என்றுகூடத் தெரியவில்லை.

பரந்தன்காரன்:
நான் பரந்தனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற செலவைக் கேட்டேன் அண்ணை.

ஊவா உருளை:
வருகிற வழியில் வெலிமடைக்கும் வாருங்கள். நல்ல கிழங்கு எது என்று காட்டுகிறேன்.

கந்தப்பளை லீக்ஸ்:
வெலிமடை எந்த வழியில் இருக்கிறது? வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.