விளம்பரக் கிளிக்குகள் கூடுகின்றன, அழைப்புகள் கூடவில்லை: கிளிக் மோசடியை எப்படி உறுதி செய்வது?

கேள்வி – குடந்தை ஊர்தி (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் நவக்கிரகத் தலங்களுக்கு வாடகைக் கார் அனுப்பும் தொழில் செய்து வருகிறோம். திங்களூர் முதல் கீழப்பெரும்பள்ளம் வரை ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் தரிசித்துத் திரும்ப விரும்புவோர் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள் என்பதால், பேருந்து நிலையத்தில் வைக்கும் பலகையைவிடக் கூகுள் தேடலில் தரும் விளம்பரமே எங்களுக்குக் கைகொடுத்து வந்திருக்கிறது.

ஒவ்வொரு கிளிக்குக்கும் நாங்கள் பணம் கட்டுகிறோம். அண்மைக் காலமாக அந்த விளம்பரத்துக்கு விழும் கிளிக்குகள் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டன. ஆனால் தொலைபேசி அழைப்புகளும் வாட்ஸ்அப் விசாரிப்புகளும் பழைய அளவிலேயே நிற்கின்றன. சில நாள்களில் நாங்கள் இட்ட அன்றாட வரம்பைத் தாண்டியும் பணம் போயிருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகும் கிளிக்குகள் வருகின்றன, வெளிநாடுகளிலிருந்தும் வருகின்றன. வலைத்தளத்தின் சர்வர் பதிவைத் (வருகைகளைக் குறித்துவைக்கும் பதிவேடு) திறந்தால், ஒரே ஐபி முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்) அடுத்தடுத்த வரிகளில் நிற்கிறது.

இதே ஊரில் இதே தொழிலில் இருக்கும் ஒருவர்தான் எங்கள் பணத்தைக் கரைக்க ஆள் வைத்து விளம்பரத்தை அழுத்துகிறார் என்று எங்கள் ஓட்டுநர்கள் அடித்துச் சொல்கிறார்கள். ஆதாரம் இல்லாமல் ஒருவர் மேல் பழி சொல்ல எனக்கு மனமில்லை. இது மோசடிதானா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? அந்த ஐபி முகவரிகளைத் தடுத்துவிட்டால் போதுமா? மாதச் சந்தாவில் கிளிக் மோசடித் தடுப்பு மென்பொருள் விற்பவர் ஒருவரும் தொடர்ந்து அழைத்துக்கொண்டிருக்கிறார். அதை வாங்கலாமா?

பதில் – தஞ்சை நிரலர்

வணக்கம் ஐயா. நீங்கள் சொல்லும் அடையாளங்களில் பெரும்பாலானவை மோசடி எதுவும் இல்லாமலே தோன்றக்கூடியவை. அவற்றைக் கழித்துவிட்டு மிஞ்சுவதை மட்டும் சந்தேகக் கண்ணோடு பாருங்கள்.

அன்றாட வரம்பைத் தாண்டிய செலவை முதலில் ஒதுக்கிவிடலாம். கூகுள் விளம்பரக் கணக்கில் நாம் இடும் தொகை ஒரு நாள் சராசரியாகவே கொள்ளப்படுகிறது. தேடுவோர் கூட்டம் அதிகமுள்ள நாளில் அதன் இரு மடங்கு வரை செலவாகலாம்; மாதம் முழுவதற்குமான கட்டணம் அந்தச் சராசரியின் 30.4 மடங்குக்குள் அடங்கிவிடும்.

நள்ளிரவுக் கிளிக்குகள் உங்கள் தொழிலில் இயல்பானவை. இங்கே இரவு 2 மணி என்றால் சிங்கப்பூரில் விடியற்காலை 4.30, நியூஜெர்சியில் கோடைக்காலமாக இருந்தால் முந்தைய நாள் மாலை 4.30. ஊருக்கு வரும்போது திருநள்ளாறும் திருநாகேஸ்வரமும் போய்வர வேண்டும் என்று திட்டமிடும் குடும்பத்தார் அந்த நேரத்தில்தான் தேடுவார்கள். இருப்பிட அமைப்பில் இரு தேர்வுகள் உண்டு: நாம் தேர்ந்தெடுத்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டுவது ஒன்று, அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களுக்கும் சேர்த்துக் காட்டுவது மற்றொன்று. நாம் மாற்றாவிட்டால் இரண்டாவதே நடப்பில் இருக்கும். பல் மருத்துவமனைக்கு அது வீண்செலவு. உங்களுக்கு அதுவே வருமானம்.

ஒரே ஐபி முகவரி திரும்பத் திரும்பத் தோன்றுவதற்கு வருவோம். தானியங்கிக் குறியிடல் இயங்கும் கணக்கில், ஒவ்வொரு விளம்பரக் கிளிக்குக்கும் கூகுள் ஒரு தனி அடையாளத்தை உருவாக்கி, பக்க முகவரியின் வாலில் ஜிசிஎல்ஐடி என்ற பெயரில் ஒட்டி அனுப்புகிறது. வந்தவர் பக்கத்தை மறுபடி ஏற்றினாலும், முந்தைய பக்கத்துக்குப் போய்த் திரும்பினாலும், அந்த இணைப்பை வீட்டார்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி அவர்கள் திறந்தாலும், அதே அடையாளம்தான் உங்கள் சர்வர் பதிவில் மீண்டும் விழும். அத்தனைக்கும் சேர்த்துக் கட்டணம் ஒரு கிளிக்குக்கு மட்டுமே. ஆகவே ஐபி முகவரியை எண்ணாமல், ஜிசிஎல்ஐடி எத்தனை வேறுபடுகிறது என்று எண்ணுங்கள். ஆட்ஸ்பாட்-கூகுள் என்ற பெயரோடு வரும் வரிகளையும் நீக்கிவிடுங்கள். விளம்பரப் பக்கத்தின் தரத்தைச் சோதிக்க வரும் கூகுளின் நிரல் அது. அதன் வருகைக்கு நீங்கள் பணம் தருவதில்லை.

இதற்குப் பிறகும் வேறுபட்ட ஜிசிஎல்ஐடிகள் ஒரே ஐபியிலிருந்து வந்தால் அது மோசடியா என்றால், கைபேசி இணையத்தைப் பொறுத்தவரை அவசரப்பட முடியாது. முகவரிப் பற்றாக்குறையால் நம் நாட்டுக் கைபேசி நிறுவனங்கள் பெருந்தொகையான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. ஒரு மதகின் வழியே பாயும் நீரைப் பார்த்து அது எந்த வயலுக்குரியது என்று சொல்ல முடியாததைப் போன்றதே இதுவும். அந்த முகவரியைத் தடுத்தால் அதே முகவரியில் வரும் உண்மையான பயணியும் உங்கள் விளம்பரத்தைப் பார்க்க மாட்டார். அழுத்துபவரோ விமானப் பயன்முறையை ஒருமுறை போட்டு எடுத்து வேறு முகவரியில் வந்துவிடுவார். ஒரு விளம்பரத் திட்டத்தில் 500 ஐபி முகவரிகளை மட்டுமே விலக்க முடியும் என்ற வரம்பும் உண்டு. தடுப்பு மென்பொருள்களில் பலவும் அடிப்படையில் செய்வது இந்தப் பட்டியலை நிரப்பும் வேலையைத்தான். எனவே சந்தாவுக்கு இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

கணக்கின் அறிக்கையில் ‘இன்வேலிட் கிளிக்ஸ்’ (செல்லாத கிளிக்குகள்) என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள். இரட்டைக் கிளிக்கின் இரண்டாவது கிளிக், நிரல்கள் தரும் கிளிக் போன்றவற்றைக் கூகுளின் வடிகட்டி பிடித்துக் கட்டணத்திலிருந்து நீக்கிய எண்ணிக்கை அது. அந்த எண் பெரிதாக இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். அவற்றுக்கு உங்களிடம் பணம் வாங்கப்படவில்லை.

பதில் – கூறைநாடு நெசவு (மயிலாடுதுறை)

நாங்கள் இணையவழியில் சேலை விற்கிறோம். போட்டியாளரைத் தேடுவதற்கு முன், உங்கள் விளம்பரம் எங்கெங்கே தோன்றுகிறது என்று பார்த்துவிடுங்கள் ஐயா. தேடல் விளம்பரத் திட்டத்தை உருவாக்கும்போது, கூகுளின் காட்சி விளம்பர வலையமைப்பையும் தேடல் கூட்டாளித் தளங்களையும் சேர்த்துக்கொள்ளும் தேர்வுகள் முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கும். அதை நீக்காமல் விட்டால் உங்கள் நவக்கிரக விளம்பரம் கைபேசி விளையாட்டுச் செயலிகளிலும், பெயர் தெரியாத வலைத்தளங்களிலும் போய் நிற்கும். குழந்தையின் விரல் பட்டாலும் கிளிக்தான்.

அந்த இடங்களில் மோசடிக்கான தூண்டுதலும் வேறு வகையானது. போட்டியாளர் அழுத்துவது உங்கள் பணத்தைக் கரைக்க. தளத்தின் உரிமையாளர் அழுத்துவது தன் வருமானத்தைப் பெருக்க. வலைத்தளங்களில் விளம்பரம் காட்டி வருமானம் பகிரும் கூகுளின் ஆட்சென்ஸ் திட்டத்தில் பதிப்பாளருக்குப் (தள உரிமையாளருக்கு) போவது 68 விழுக்காடு என்று கூகுள் 2010இல் வெளிப்படையாக அறிவித்தது. 2018இல் தமிழுக்கும் ஆட்சென்ஸ் வந்தபின், நம் மொழியிலும் விளம்பரத்துக்காகவே அடுக்கப்பட்ட பக்கங்கள் பெருகியிருப்பதை யாரும் பார்க்கலாம். பக்கம் ஏறி முடியும் தறுவாயில் பொத்தான் நழுவி, விரல் விளம்பரத்தின் மேல் விழும்படி அமைத்திருப்பார்கள். இதை மோசடி என்பதா, தந்திரம் என்பதா என்று விவாதித்துக்கொண்டிருப்பதைவிட, காட்சி வலையமைப்பை அணைத்துவிடுவது எளிது.

இன்னொன்று. பிராட் மேட்ச் முறையில், அதாவது தொடர்புள்ள பிற தேடல்களுக்கும் விளம்பரம் தோன்றும்படி, தேடற்சொற்களை வைத்திருக்கிறீர்களா? உங்கள் துறையில் அது பெரிய ஓட்டை. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று செய்தி பரவியபோது, வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில், அங்கே பெயர்ச்சி விழா 2026இல்தான் என்று தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வேளைகளில் தேடுகிறவர்களில் எத்தனை பேர் கார் ஏறுவார்கள்? ராசிபலன் படிக்க வந்தவர் உங்கள் விளம்பரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். அவர் நேர்மையானவர், ஆனால் அவருக்கான காசு உங்களுடையது.

பதில் – ஆழித்தேர் (திருவாரூர்)

மேலே இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். ஓர் எச்சரிக்கை மட்டும் சேர்க்க வேண்டியிருக்கிறது: எல்லாவற்றையும் கழித்துப் பார்த்து ‘மோசடி இல்லை’ என்ற முடிவுக்கும் எளிதில் வந்துவிடக் கூடாது.

அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் லேன்ஸ் கிஃப்ட்ஸ் என்ற நிறுவனம் முன்னின்று தொடுத்த வழக்கில், கூகுள் 2006இல் 9 கோடி டாலர் வரையிலான சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. அதையொட்டிக் கூகுளின் வடிகட்டும் முறைகளை ஆராய்ந்த பேராசிரியர் அலெக்சாண்டர் டுஜிலின், அவை நியாயமான முயற்சிகளே என்று கூறினார். கூடவே, இந்தக் கட்டண முறையின் அடியிலேயே இருக்கும் சிக்கலையும் எடுத்துக்காட்டினார். ஒரு கிளிக் செல்லுமா செல்லாதா என்பது அழுத்தியவரின் நோக்கத்தைப் பொறுத்தது. நோக்கத்தை எந்தப் பதிவேடும் முழுமையாகக் காட்டாது. செல்லாத கிளிக்கை அடையாளம் காணும் விதிகளை வெளியிட்டால் விளம்பரதாரர் தெளிவடைவார். மோசடிக்காரரும் அதைப் படித்துத் தப்பிக்கக் கற்றுக்கொள்வார்.

அதே 2006இல் கண்டறியப்பட்ட கிளிக்பாட்.ஏ என்ற நச்சுநிரல் ஏறத்தாழ 1 லட்சம் கணினிகளில் பரவியிருந்தது. கவனத்தை ஈர்க்காதபடி, ஒவ்வொரு கணினியும் மிகக் குறைவாகவே கிளிக் செய்தது. அத்தகைய தாக்குதலில், ‘ஒரு முகவரியிலிருந்து இத்தனை கிளிக்குக்கு மேல் வந்தால் தடு’ என்ற விதி எதையும் பிடிக்காது. மெத்பாட் என்ற விளம்பர மோசடிக் கும்பல் இன்னும் ஒரு படி மேலே போய், வாடகைக்கு எடுத்த சர்வர்களிலிருந்து இயங்கிக்கொண்டே, ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளை வீட்டு இணைப்புகள் போலப் பதிவு செய்து வைத்திருந்தது. அதன் தலைவர் அலெக்சாண்டர் ஜுக்கோவுக்கு நியூயார்க்கின் புரூக்ளின் கூட்டாட்சி நீதிமன்றம் 2021இல் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அந்த அளவு முதலீடு ஒரு வாடகைக் கார் விளம்பரத்தைத் தேடி வராது என்றாலும், எண்ணிக்கையை மட்டும் நம்புவது ஏன் போதாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் ஓட்டுநர்களில் யாராவது ‘நாமும் அவர் விளம்பரத்தை அழுத்துவோம்’ என்று தொடங்கினால், தயவுசெய்து அன்றே நிறுத்திவிடுங்கள். சந்தேகத்தில் இருப்பவர் குற்றவாளியா என்பது தெரியாது. நீங்கள் அழுத்தினால் நீங்கள் யார் என்பது தெரிந்துவிடும்.

குடந்தை ஊர்தி (கும்பகோணம்)

மூவருக்கும் நன்றி. நீங்கள் கூறியபடி என் தங்கை மகன் சர்வர் பதிவை ஜிசிஎல்ஐடி வாரியாகப் பிரித்துக் கொடுத்தான். அடுத்தடுத்து நின்ற வரிகளில் பெரும்பகுதி ஒரே அடையாளம் கொண்டவை. தேடற்சொல் அறிக்கையில் பெயர்ச்சிப் பலனும் பரிகாரமும் நிறைந்து கிடந்தன; காட்சி வலையமைப்பும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டோம்.

ஆனாலும் ஒரு சிறு தொகுதி மிஞ்சுகிறது. எங்களுக்கு மிக அதிக விலையாகும் ‘கும்பகோணம் நவக்கிரக டூர்’ என்ற சொற்றொடரில் மட்டும், காலை வேளையில் கொத்தாக வருகிறது. அடையாளங்கள் வெவ்வேறு, ஐபி முகவரிகளும் வெவ்வேறு. ஆனால் உலாவியின் பதிப்பும் கைபேசி மாதிரியும் எல்லாவற்றிலும் ஒன்றே. அந்த வருகைகளில் பக்கத்தின் எழுத்துப் பகுதி மட்டும் கேட்கப்பட்டிருக்கிறது. கோயில் படங்கள் எதுவும் இறங்கவில்லை. இதை என்னவென்று கொள்வது?

பதில் – தஞ்சை நிரலர்

இப்போது சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. படங்கள் இறங்காததற்கு நேர்மையான காரணங்கள் இரண்டு உண்டு: முன்பே வந்தவரின் கைபேசியில் படங்கள் சேமிப்பில் இருக்கலாம், அல்லது இணைப்பு மெதுவாக இருந்து, பக்கம் ஏறுவதற்குள் அவர் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் இந்த இரண்டும் ஒரே சொற்றொடரில், ஒரே வேளையில், ஒரே கைபேசி மாதிரியில் மட்டும் நிகழ வேண்டிய காரணம் இல்லை. அந்த ஐபி முகவரிகள் எந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கின்றன என்று ஹூ-இஸ் தேடலில் பாருங்கள். சர்வர் வாடகை நிறுவனங்களுக்கு உரியவை என்றால் ஐயம் வலுப்படும். சென்னையில் அலுவலக விபிஎன் (வேறொரு சர்வர் வழியே செல்லும் இணைப்பு) வழியாக வருபவர்களும் அப்படித் தோன்றுவார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பிறகு, அந்தச் சொற்றொடரை மட்டும் காலை வேளைகளில் நிறுத்திவைத்துப் பாருங்கள். அழைப்புகள் குறையாமல் செலவு மட்டும் குறைந்தால், அந்தக் கிளிக்குகளால் உங்களுக்குப் பயன் இருக்கவில்லை என்பது உறுதி. நோக்கத்தை நிறுவ முடியாவிட்டாலும் பணத்தை நிறுத்த முடிகிறது.

அடுத்து, கூகுளின் கிளிக் தரப் பிரிவுக்கு உரிய படிவத்தில் விசாரணை கேளுங்கள். சந்தேகத்துக்குரிய ஜிசிஎல்ஐடிகள், நேரம், ஐபி முகவரி, உலாவி விவரம் ஆகியவற்றை மட்டும் இடுங்கள்; போட்டியாளரின் பெயரை எழுத வேண்டாம். அவர்கள் ஏற்றுக்கொண்டால், அந்தத் தொகை கணக்கின் பரிவர்த்தனைப் பக்கத்தில் தனி வரியாக வரவு வைக்கப்படும். ஏற்க மறுத்தால் விரிவான காரணத்தை எதிர்பார்க்காதீர்கள். வடிகட்டும் விதிகளை அவர்கள் வெளியிடுவதில்லை.

தொலைபேசி எண்ணையும் வாட்ஸ்அப் பொத்தானையும் தொடுவதைப் பயன்விளைவாக (கன்வெர்ஷன்) விளம்பரக் கணக்கில் பதிவு செய்யுங்கள். இனி கிளிக் எத்தனை என்று பார்ப்பதை விட்டு, ஓர் அழைப்புக்கு எவ்வளவு செலவாகிறது என்பதைச் சொற்றொடர் வாரியாகப் பாருங்கள். பல வலைத்தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் மலிவான ஹோஸ்டிங்கில் சர்வர் பதிவுகள் விரைவில் அழிக்கப்பட்டுவிடும். உங்கள் தங்கை மகனிடம் சொல்லி வாரந்தோறும் அவற்றைத் தரவிறக்கி வைக்கச் செய்யுங்கள், படிவத்தில் கேட்கும்போது கையில் இருக்கும்.