மகன் பையில் கஞ்சா, அலமாரியில் அப்பாவின் பாட்டில்: படிப்பை நிறுத்துவதா, உட்கார்ந்து பேசுவதா?

தாழம்பூ:
பொங்கலுக்கு மகன் வந்திருக்கிறான். கோவைப் பக்கம் பொறியியல் மூன்றாம் ஆண்டு, விடுதியில் தங்கிப் படிக்கிறான். வயது 20. துணிகளைத் துவைக்கப் பையைக் கவிழ்த்தேன். சுருட்டி வைத்திருந்த காலுறைக்குள்ளிருந்து விரல் நீளத்தில் ஒரு பொட்டலம் விழுந்தது. கூடவே கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து, மூன்று குப்பி. கண் எரிகிறது என்று அவன் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கஞ்சாவை நான் பார்த்ததே கிடையாது. ஆனால் பிரித்து முகர்ந்ததும், தீபாவளிக்கு வந்தபோது அவன் சட்டையில் அடித்த வாடை இதுதான் என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு ஊதுவத்தி என்றான். நம்பினேன்.

அவன் அப்பா கன்னத்தில் அறைந்துவிட்டார். "டி.சி. வாங்கிக்கொண்டு வந்து கடையில் உட்கார்" என்கிறார். மகன் வாயே திறக்காமல் அலமாரியின் மேல்தட்டைக் கை காட்டினான். அங்கே இவருடைய பாட்டில் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் இரண்டு கிளாஸ், எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உள்ள பழக்கம். "அது அரசாங்கமே விற்பது, இது போலீஸ் கேஸ்" என்றார் இவர். நான்கு நாட்களாக இருவருக்கும் பேச்சு இல்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு சொந்தக்காரர் கல்யாணத்தில் அவன் குடித்துவிட்டு வந்தபோது நான்தான் மோர் கரைத்துக் கொடுத்துப் படுக்க வைத்தேன். வயசுப் பையன், நாலு பேரோடு சேர்ந்துவிட்டான் என்று விட்டுவிட்டேன். கஞ்சாவைக் கண்டதும் குலை நடுங்குகிறது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லுங்கள்.

பழைய விடுதிக் காப்பாளர்:
அம்மா, உங்கள் வீட்டுக்காரர் அடித்தது தவறு, சொன்னது சரி. கூட்டி வந்துவிடுங்கள்.

17 ஆண்டுகள் ஆண்கள் விடுதியில் காப்பாளராக இருந்தேன். முதல் கடிதம் அனுப்பும்போது பெற்றோர் அத்தனை பேரும் "என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான்" என்பார்கள். இரண்டாவது கடிதத்துக்கு "அறைத் தோழன்தான் கெடுத்துவிட்டான்" என்பார்கள். மூன்றாவது கடிதம் போகும்போது பையனுக்கு 14 பாடங்கள் நிலுவையில் இருக்கும். அதே அறை, அதே நண்பர்கள், அதே சுற்றுச்சுவர் ஓட்டை. அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டு அறிவுரை சொன்னால் என்ன மாறும்? ஓராண்டு போனால் போகட்டும். கையில் பணம் கொடுக்காதீர்கள். கூகுள் பே கணக்கை நீங்கள் பாருங்கள். அடுத்த ஜூனில் வேறு கல்லூரியில் சேர்க்கலாம்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி ஒரு கிலோ வரை கஞ்சா 'சிறிய அளவு'தான். ஆனால் அந்தச் சிறிய அளவுக்கே ஓராண்டு வரை சிறை உண்டு. வேலைக்குச் சேரும் முன் போலீஸ் சரிபார்ப்பு வரும்போது இந்தப் பொட்டலம் எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கரிசல்காட்டான்:
ஐயா, கஞ்சாவுக்கு இவ்வளவு சொன்னீர்கள், அலமாரிப் பாட்டிலைப் பற்றி ஒரு வரியும் இல்லையே. எனக்கு வயிறு எரிகிறது.

என் அண்ணன் கல்லூரியில் பீரில் தொடங்கினான். எங்கள் அப்பா சொன்னது இந்தத் தாயார் சொன்ன அதே வார்த்தை: "வயசுப் பையன்." கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். செய்து வைத்தார்கள். 38 வயதில் கல்லீரல் போய், வயிறு ஊதி, மஞ்சள் பூத்த கண்ணோடு போனான். அண்ணிக்கு அப்போது 31.

2019இல் மத்திய அரசு வெளியிட்ட போதைப்பழக்கக் கணக்கெடுப்பைப் பாருங்கள், டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தியது. மதுவால் சிக்கலில் விழுந்து உதவி தேவைப்படுபவர்கள் நாட்டில் சுமார் 5.7 கோடிப் பேர். கஞ்சா வகைகளுக்கு 72 லட்சம். 2003இல் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்த பிறகு குடி என்பது ரேஷன் கடைக்குப் போவதைப்போல் சாதாரணமாகிவிட்டது. அந்தச் சாதாரணத்தைத்தான் நம் வீட்டுக்குள்ளும் வைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் 21 வயது நிரம்பாதவனுக்கு மது விற்பதே இங்கே குற்றம். 19 வயதில் அவன் குடித்ததும் சட்டத்துக்கு வெளியேதான். அதற்கு மோர், இதற்கு அறையா? அப்பா முதலில் பாட்டிலை வெளியே எறியட்டும். பிறகு பையனிடம் பேசட்டும்.

பழைய விடுதிக் காப்பாளர்:
தம்பி, உங்கள் அண்ணனுக்காக வருந்துகிறேன். ஆனால் அப்பா திருந்தும் வரை பிள்ளையைத் திருத்தக் கூடாது என்றால் எந்த வீட்டிலும் எதுவும் நடக்காது. தகப்பன் குடிக்கிறவனாகவே இருந்தாலும், "நீ இதைச் செய்யாதே" என்று சொல்லும் கடமை அவனுக்கு இருக்கிறது.

நாலாம் ஆண்டு மாணவி:
பெற்றோர் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். விடுதியில் இருந்துகொண்டு எழுதுகிறேன்.

தாழம்பூ அம்மா, அந்தப் பையில் பொட்டலம் வைத்திருந்தது உங்கள் மகளாக இருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. படிப்பு அன்றே நின்றிருக்கும், தை பிறந்ததும் மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். மோரும் கிடைத்திருக்காது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் என் அறைத் தோழி ஒருத்தி பிறந்தநாளன்று வோட்காவை மாம்பழச் சாற்றில் கலந்து குடித்தாள். நள்ளிரவு தாண்டிய பிறகு எழுப்பினால் எழவில்லை. வாந்தி மூக்கு வழியாக வந்தது. உதடு நீலம் பாரித்ததுபோல் இருந்தது. 108ஐ அழைக்க நான் கைபேசியை எடுத்தபோது அவளுடைய நெருங்கிய தோழி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்குத் தெரிந்தால் அவளைக் கொன்றுவிடுவார்கள்." ஆறு பேர் சுற்றி நின்று முக்கால் மணி நேரம் வாதாடினோம். அவளை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்பதுகூட எங்களில் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. கடைசியில் அழைத்தோம், பிழைத்தாள். அந்த முக்கால் மணி நேரத்தை எங்களிடமிருந்து பறித்தது போதை மட்டும் இல்லை, வீட்டின் மேல் இருந்த பயமும்தான்.

காப்பாளர் ஐயா, உங்கள் மூன்று கடிதங்களையும் நான் மதிக்கிறேன். ஆனால் நடு இரவில் ஒருவனுக்கு ஆபத்து வந்தால் அவன் முதலில் யாரை அழைப்பான்? உங்களையா?

பழைய விடுதிக் காப்பாளர்:
அழைத்திருக்கிறார்கள் மகளே, சிலர். அழைக்காமல் போனவன் ஒருவனையும் எனக்குத் தெரியும். அவன் பெற்றோர் கண்டிப்பே இல்லாதவர்கள், தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை தோழன் என்று பெருமையாகச் சொல்பவர்கள். பயம் இல்லாத வீட்டுப் பிள்ளையும் ஒளிக்கத்தான் செய்கிறான்.

ஸ்காபரோ அப்பா:
கனடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி விற்பனையில் இருக்கிறது. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவர் அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம், 30 கிராம் வரை கையில் கொண்டுபோகலாம். நாங்கள் மரக்கறி வாங்கும் கடையிலிருந்து மூன்றாவது கதவு அந்தக் கடை. ஆகவே "போலீஸ் கேஸ்" என்று சொல்லிப் பிள்ளையைத் தடுக்கும் வழி எங்களுக்கு இல்லை. சட்டம் இடம் கொடுத்துவிட்டது என்பதால் ஆபத்து விலகிவிடவும் இல்லை.

என் மகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது விடியற்காலைகளில் வாந்தி எடுக்கத் தொடங்கினான். ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தடவை வெந்நீரில் குளிப்பான். குளியலறைக் கதவுக்குக் கீழே ஆவி வரும், தண்ணீர்க் கட்டணம் ஏறியது. இரைப்பைப் புண் என்று நினைத்து மனைவி இஞ்சி, சீரகம் என்று அவித்துக் கொடுத்தாள். மூன்று தடவை அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் தடவை ஓர் இளம் மருத்துவர் எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவனிடம் கேட்டிருக்கிறார்: "வெந்நீரில் நின்றால் குறைகிறதா? கஞ்சா எத்தனை நாள்?" நீண்ட காலம் அடிக்கடி புகைப்பவர்களில் சிலருக்கு வரும் வாந்தி நோயாம் அது. நிறுத்தினால்தான் நிற்கும். எங்கள் முன்னால் கேட்டிருந்தால் அவன் சொல்லியிருக்கமாட்டான். மூன்று மாதம் நாங்கள் ஒரே மேசையில் சாப்பிட்டோம், ஒன்றும் கதைக்கவில்லை. கஞ்சா மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்று சொல்பவர்களை இப்போது நான் பொறுத்துக்கொள்வதில்லை.

செங்காந்தள்:
மனநலப் பிரிவில் செவிலியர் நான். ஸ்காபரோ ஐயா சொன்ன வாந்தியை இங்கேயும் பார்க்கிறோம். வயிற்று மருத்துவர்களிடம் சுற்றிவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள்.

எது பெரிய கேடு என்ற போட்டி வேண்டாம். மது ஈரலையும் நரம்பையும் தின்னும். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். கஞ்சாவில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் இளம் வயதில் தொடங்கி அடிக்கடி புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது, குடும்பத்தில் ஏற்கெனவே அப்படி யாருக்காவது இருந்தால் இன்னும் அதிகம். இங்கே பையன்கள் பெரும்பாலும் புகையிலையோடு கலந்து சுருட்டுவதால் நிகோடின் அடிமைத்தனம் தனியாக ஒட்டிக்கொள்கிறது.

தாழம்பூ அக்கா, நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. எப்போது தொடங்கினான்? வாரத்தில் எத்தனை நாள்? கூட்டத்திலா, தனியாகவா? காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா? உங்கள் இரு குடும்பத்திலும் மனநோய் யாருக்கேனும் உண்டா? இன்னொன்று: நான்கு நாட்களாக வீட்டில் இருக்கிறானே, தூங்குகிறானா? தினசரிப் பழக்கம் உள்ளவர் நிறுத்தினால் முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை எல்லாம் வரும். அந்த எரிச்சலைத் திமிர் என்று நினைத்து அடிக்கும் அப்பாக்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

காப்பாளர் ஐயா சட்டத்தில் பாதியைச் சொன்னார். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்து அதை முடித்தால் சிறிய அளவு வைத்திருந்ததற்காக வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. 14446 என்பது போதை மீட்புக்கான அரசின் கட்டணமில்லா எண். இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். இரவில் வண்டியோடு வந்து ஆளைத் தூக்கிப்போகும் பதிவில்லாத 'மறுவாழ்வு மையம்' எதையும் நம்பாதீர்கள். கட்டிப்போட்டதில் கணுக்கால் புண்ணாகி எங்கள் வார்டுக்கு வந்த பையனின் காலை நான் கழுவியிருக்கிறேன்.

கரிசல்காட்டான்:
அண்ணனுக்குக் கேட்காமல் விட்ட கேள்விகள் எல்லாம் இதில் இருக்கின்றன. ஆனாலும் பாட்டில் விஷயத்தில் நான் இறங்கி வரப்போவதில்லை. அது மேல்தட்டில் இருக்கும் வரை அந்த வீட்டில் யார் பேச்சும் எடுபடாது.

தாழம்பூ:
செங்காந்தள், உங்கள் பதிவைப் படித்துவிட்டு அவன் அறைக்குப் போய்ப் பார்த்தேன். தலையணை நனைந்திருந்தது. சர்க்கரைப் பொங்கல் கிண்ணம் ஆடை படிந்து அப்படியே இருக்கிறது. சின்ன வயதில் பானையை வழித்துத் தின்றவன். நான்கு நாட்களாக நாங்கள் இதைத் திமிர் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

விளக்கைப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை நாளாகத் தூக்கமில்லை?" என்று மட்டும் கேட்டேன். அழுதான். முதல் ஆண்டு இரண்டாம் செமஸ்டரில் தொடங்கினானாம். இப்போது தினமும். தேர்வு நாளிலும். வியாழக்கிழமை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அப்பா வரக்கூடாது என்கிறான். இவரிடம் சொன்னேன், பதில் இல்லை. பாட்டில் இன்னும் மேலேதான் இருக்கிறது.

பழைய விடுதிக் காப்பாளர்:
தினமும் என்றால் நான் சொன்னது இன்னும் பலமாகிறது அம்மா. மருத்துவமனைக்குக் கட்டாயம் போங்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் சிகிச்சையில் இருக்கும் பிள்ளையை அந்த அறைக்கே திருப்பி அனுப்பாதீர்கள். செமஸ்டர் கட்டணம் கட்டிவிட்டீர்களா?

நாலாம் ஆண்டு மாணவி:
அதை முடிவு செய்யும்போது அவனும் அந்த இடத்தில் இருக்க வேண்டும் ஐயா.

தாழம்பூ:
27ஆம் தேதி கடைசி நாள். இன்னும் கட்டவில்லை. வியாழக்கிழமை மருத்துவரைப் பார்த்த பிறகு அவனையே கேட்கிறேன்.